தேரன்று நின்ற கோழி வண்டி

பாவாடைக்கு இரண்டாவது தொழில் அமைந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. அதற்கு முன்பு அவர் புதுச்சேரியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். பஞ்சு இழையாகும் கூடத்தில் காற்று உலர்ந்துவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆகையால் கூடம் முழுவதும் எந்நேரமும் ஈரம் பரவியிருக்க வேண்டும். நீரைப் பனிபோலத் தூவும் குழாய்களைக் கவனிப்பது அவர் பொறுப்பு. ஈரம் குறைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஈரம் என்பது நல்லது, உலர்வு என்பது கெட்டது என்னும் எண்ணம் இருபது ஆண்டுகளில் அவர் உடம்பிலேயே ஊறிப்போயிற்று.

ஆலை நொடித்தபோது விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்தார். லாரி ஓட்டும் உரிமம் கையில் இருந்தது. சில மாதங்கள் வேலையின்றி மூலக்குளத்து வீட்டில் உட்கார்ந்திருந்த பிறகு, உப்பளத்தில் கறிக்கோழிக் கடை வைத்திருந்த புருஷோத்தமன் தமது சிறு லாரியை அவரிடம் ஒப்படைத்தார். வளவனூர்ப் பக்கத்துப் பண்ணையில் விடியுமுன் கோழிகளை ஏற்றி, வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறக்க வேண்டும். அங்கிருந்து ஊரிலுள்ள சிறு கடைகளுக்குக் கோழிகள் பிரிந்து போகும். உடன் வருபவர் பக்கிரி. அவரும் அதே ஆலையில் மூட்டை கட்டியவர்தாம்.

எளிய வேலையாகத்தான் தோன்றியது. ஆனால் பண்ணைக்கோழி மிக மென்மையான உயிர். சில வாரங்களிலேயே உடல் பெருத்துவிடும். அந்த உடலைத் தாங்கும் வலிமை நெஞ்சுக்கு இராது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது உள்சூட்டை வெளியேற்ற வேண்டும். பிளாஸ்டிக் கூண்டுகளில் நெருக்கியடித்து அடுக்கப்பட்ட கோழிகள், வண்டி ஓடும் வரையில் அந்த ஓட்டத்தில் வரும் காற்றால் பிழைத்திருக்கும். வண்டி நின்றுவிட்டால் ஆபத்து.

வைகாசி வெயிலில் ஒரு நாள் வண்டியின் சக்கரம் வழியில் பழுதாகி நின்றதில் ஏராளமான கோழிகள் செத்துப்போயின. புருஷோத்தமன் கத்தவில்லை. அதுதான் பாவாடைக்கு அதிக அச்சத்தைக் கொடுத்தது.

“பாவாடை, நீ நல்ல ஆளு. இல்லன்னு சொல்லல. ஆனா செத்த கோழிய நான் யாருக்குப் போடறது? இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா வண்டிய கமலக்கண்ணன் ஓட்டட்டும். மனசுல ஒண்ணும் வெச்சிக்காத.”

கமலக்கண்ணன் புருஷோத்தமனின் மைத்துனர். கல்லாவுக்கு அருகே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் செல்வாம்பாள் கணவரின் தட்டில் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்.

“நெஜமாவே அப்பிடிச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“கோழி செத்தா அதுக்கு நீ இன்னா பண்ணுவ? போய் வெயிலக் கேக்கச் சொல்லு.”

“வெயிலு அவுரு கிட்ட சம்பளம் வாங்கல.”

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் மாதக்கணக்கில் கணவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

அடுத்த வாரம் வில்லியனூரில் தேரோட்டம். அன்றும் வண்டி போக வேண்டியிருந்தது. விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு வந்தால் தேர் கிளம்புமுன் வில்லியனூரைத் தாண்டிவிடலாம் என்பது பாவாடையின் திட்டம். பண்ணை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தது. அங்கிருந்தவர்களுக்கு அது சாதாரணமான ஒரு வேலைநாள். கோழி பிடிக்கும் ஆட்கள் முந்தின இரவு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் வாயில் வெற்றிலையுமாக அவர்கள் வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. கடைசிக் கூண்டை ஏற்றியபோது வெயில் முதுகில் சுட்டது.

“சுத்துப் பாதையில போயிடலாமா மச்சான்?” என்றார் பக்கிரி.

பாவாடை யோசித்தார். சுற்றுப்பாதை நீளம், மேடுபள்ளம், அத்தனை தொலைவும் வெயிலில் போக வேண்டும். தேரின் வழக்கத்தையும் அவர் அறிவார். பெரிய மனிதர்கள் வந்து வடத்தைத் தொட்டு இழுத்த பிறகுதான் வில்லியனூர்த் தேர் நகரும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

“அவுங்கள்லாம் என்னிக்கு மச்சான் டயத்துக்கு வந்தாங்க? நாம போய் எறக்கிட்டுக் குளிச்சி முடிச்சாக்கூட தேரு நெலையிலதான் நிக்கும். வா, வில்லியனூரு வழியாவே போயிடலாம்.”

அந்த ஆண்டு பெரிய மனிதர்கள் நேரத்தோடு வந்துவிட்டார்கள்.

ஊருக்குள் நுழையும் இடத்திலேயே வண்டிகள் வரிசையாக நின்றன. திருப்பிக்கொள்ளலாம் என்று பாவாடை பின்புறம் பார்ப்பதற்குள் விழுப்புரம் பேருந்து ஒன்று ஒட்டினாற்போல் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. தொலைவில் மேளமும் வெடிச்சத்தமும் கேட்டன. முன்னால் நின்ற காவலர், தேர் தெருமுனையைத் தாண்டும் வரையில் எதுவும் நகராது என்று கையை விரித்துக் காட்டினார்.

வண்டி நின்றது. வண்டியோடு காற்றும் நின்றது.

“போச்சி மச்சான்,” என்றார் பக்கிரி.

“எறங்கு. தண்ணி கொண்டா.”

சாலையோரத்தில் அடிபம்பு ஒன்று இருந்தது. பக்கிரி அடிக்க, பாவாடை பிளாஸ்டிக் குடத்தில் பிடித்துக் கூண்டுகளின்மேல் வீசி ஊற்றினார். பிறகு வண்டியில் கிடந்த சணல் சாக்குகளை நனைத்து, கூண்டு அடுக்கின் நான்கு புறமும் தொங்கவிட்டார், மேலேயும் பரப்பினார். ஆலையில் கற்ற தொழில் அல்லவா? எங்கும் ஓர் இடுக்குக்கூட இல்லாமல் ஈரத்தால் மூடினார். சாக்குகளிலிருந்து நீர் சொட்டியது. தொட்டால் குளிர்ந்தது. உள்ளேயிருந்து வந்த இரைச்சல் சிறிது சிறிதாகக் குறைந்தது.

“பாத்தியா? அடங்கிடுச்சி,” என்று நிம்மதியோடு கைகளைத் துடைத்துக்கொண்டார்.

பக்கிரி பீடி பற்றவைத்தார். பாவாடை மற்றுமொரு குடம் ஊற்றலாம் என்று ஒரு சாக்கின் முனையைத் தூக்கினார். சோற்றுப்பானையின் மூடியைத் திறந்ததுபோல் சூடான ஆவி அவர் முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த கோழிகள் கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்து, தொண்டை படபடக்க மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. கத்துவதற்கு அவற்றிடம் வலுவில்லை. ஒரு கூண்டின் மூலையில் இரண்டு கோழிகள் தலை தொங்கிக் கிடந்தன.

அந்த ஆவியின் சூடும் நெடியும் அவருக்குப் பழக்கமானவை. ஆலையில் ஒருமுறை பெரிய விசிறிகள் பழுதாகி நின்றன. நீர் தூவும் குழாய்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்திலேயே கூடத்தில் நின்றவர்கள் மூச்சு முட்டி வாசலுக்கு ஓடினார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். குழாய்களைக் கவனித்தவர் பாவாடை. விசிறிகளைக் கவனித்தவர் வேறொருவர். இரைந்துகொண்டே இருந்த அந்த விசிறிகளைத் தம் தொழிலின் பாதியாக அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.

“பக்கிரி, சாக்க எடு! எல்லாத்தயும் எடு!”

“இப்பத்தான மச்சான் போட்டோம்?”

“எடுன்றேன்ல! வெந்துக்கினு இருக்குது உள்ள!”

இருவரும் சாக்குகளை இழுத்து எறிந்தார்கள். அதனால் மட்டும் பயனில்லை. மேலே வெயில், கூண்டோடு கூண்டு ஒட்டி நின்ற அடுக்கின் நடுவே காற்று நுழைய வழியே இல்லை. கூண்டுகளைக் கீழே இறக்கி, நிழலில் இடைவெளி விட்டுப் பரப்பினால்தான் பிழைக்கும். நிழல் இருந்த இடம் ஒன்றே ஒன்று. சாலையின் மறுபுறத்தில் தென்னங்கீற்று வேய்ந்த நீர்மோர்ப் பந்தல். தேர் பார்க்க வந்த பெண்கள் அங்கே மோர் குடித்துவிட்டு, பந்தலில் இனாமாகக் கொடுத்த பனையோலை விசிறிகளால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர் வருவதற்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் பந்தலின் மின்விசிறி ஓடவில்லை.

பாவாடை ஒரு கூண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தார். பந்தலை நடத்திய கோவிந்தசாமி இடையில் மஞ்சள் வேட்டியோடு ஓடிவந்து மறித்தார்.

“யோவ் யோவ்! எங்கய்யா எடுத்துக்கினு வர?”

“நெழலுக்கு அண்ணே. தேரு போற வரைக்கும்தான்.”

“சாமிப் பந்தல்ல கறிக்கோழியா? நீ இன்னா ஆளுய்யா?”

“செத்துரும் அண்ணே.”

“எப்பிடியும் சாவத்தான போவுது? கடைக்குத்தான எடுத்துக்கினு போற?”

பாவாடை கூண்டைக் கீழே இறக்கி அவர் காலடியில் வைத்தார்.

“கடையில ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும் அண்ணே. இது அப்பிடி இல்ல. நீயே குனிஞ்சி பாரு.”

கோவிந்தசாமி குனிந்தார். கூண்டுக்கம்பியின் அருகே இருந்த கோழி அவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் நாக்கு வெளுத்திருந்தது. அவர் நிமிர்ந்தபோது குரலில் முந்தைய வேகம் இல்லை.

“அதுக்குன்னு… கமிட்டில இன்னா சொல்லுவாங்க?”

மோர்ப்பானையின் அருகிலிருந்து அவர் மனைவி அன்னக்கிளி அகப்பையோடு வந்தாள்.

“கமிட்டில எவன்யா கோழி துன்னாதவன்? கொடி எறக்கின மறுநாளு மொதல் ஆளா பையத் தூக்கினு ஓடுறது யாரு? நீதான?”

மோருக்கு நின்ற வரிசை முழுவதும் சிரித்தது.

“நீ சும்மா இருடி!”

“நா சும்மாதான் இருக்கேன். அது வாயத் தொறந்துக்கினு கெடக்குது பாரு, அத சும்மா இருக்கச் சொல்லு.” பிறகு பாவாடையிடம் திரும்பினாள். “எடுத்துக்கினு வா அண்ணே. அந்தக் கோடியில வையி. மோருப் பானைப் பக்கம் வரக் கூடாது. ஒரு றெக்க பறந்து மோருல உழுந்துது, அப்புறம் நானே உன்ன அடிப்பேன்.”

“வராது தங்கச்சி.”

கோவிந்தசாமி பானைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு எல்லை வகுத்தார்.

பாவாடையும் பக்கிரியும் மட்டும் இறக்கினால் பாதிக் கோழிகள் போய்விடும். பின்னால் நின்ற பேருந்தின் நடத்துநர் சன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ், இதுங்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். சும்மா உட்கார்ந்து புழுங்கிய பயணிகள் சிலரும் அவரோடு இறங்கினார்கள். வரிசையாக நின்று கைக்குக் கை கூண்டுகளை மாற்றினார்கள். வண்டி காலியாயிற்று. பந்தலின் ஒரு கோடி முழுவதும் கூண்டுகள் தரையில் பரவின.

பாவாடை கூண்டுக்குக் கூண்டு போய்ச் செத்தவற்றை எடுத்து ஒரு சாக்கில் போட்டார். அவை நடு அடுக்கில், ஈரச்சாக்குக்கு உள்ளே அதிகம் மாட்டிக்கொண்டவை. மற்றவை பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. கோழிகளின் வாய் மூடவில்லை. கீற்றுப் பந்தலுக்குள்ளும் காற்று அசையவில்லை. பக்கிரி கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் வைத்தார். சில குடித்தன, பல திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்னக்கிளி தன் கையிலிருந்த விசிறியால் அருகிலிருந்த கூண்டை வீசத் தொடங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவளை வியப்போடு பார்த்துவிட்டுத் தன் விசிறியையும் திருப்பினாள்.

“எங்க மாமியாக்காரிக்குக்கூட நா இப்பிடி வீசினதில்ல,” என்றாள்.

“அவுங்க கேட்டிருப்பாங்க. இது கேக்கல. அதான்,” என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பும் பேச்சுமாகப் பத்துப் பன்னிரண்டு விசிறிகள் கோழிகளின் பக்கம் அசைந்தன. பாவாடை நடுவில் நின்று ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். முன்வரிசைக் கோழிகளின் இறகுகள் சற்றே அசைந்தன. பின்வரிசைக்கு அந்தக் காற்று எட்டவில்லை. அங்கே ஒரு கோழி பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் அதைக் கையில் எடுத்து நிமிர்த்தினார். அதன் நெஞ்சு அவர் உள்ளங்கையில் மிக வேகமாக அடித்தது, பிறகு நின்றுபோயிற்று.

கோவிந்தசாமி வெகுநேரமாகப் பந்தலின் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயிலுக்காக அந்தப் பக்கம் முழுவதையும் கீற்றுத் தட்டிகளால் அடைத்திருந்தார்கள். இப்போது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. தட்டிகளின் நுனி ஓலை மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“ஏ அன்னக்கிளி, அந்த அருவாள எடு,” என்றார்.

“எதுக்குய்யா?”

“எடுடின்னா! கடக்காத்து எறங்குது. நாம சொவுரு வெச்சி அடைச்சிக்கினு விசிறியால வீசறோம்!”

அவரே தட்டிகளின் கயிறுகளை அறுத்தார். பாவாடை ஒரு பக்கம் பிடிக்க, தட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து இறங்கின. புதுச்சேரிக் கடலிலிருந்து நண்பகலில் புறப்படும் காற்று, வயல்களைத் தாண்டி வந்து, திறந்த பக்கத்தின் வழியே பந்தலுக்குள் நுழைந்தது. முதலில் மெல்ல வந்தது. பிறகு சேலைத் தலைப்புகள் பறக்கும்படி வீசியது. பெண்கள் விசிறிகளைக் கீழே வைத்தார்கள்.

கோவிந்தசாமி முதல் கூண்டின் அருகே குந்தி உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து அவர்தாம் கூவினார்.

“மூடிக்கிச்சி! ஏ, வாய மூடிக்கிச்சி பாரு!”

அந்தக் கோழி வாயை மூடி, கண்ணை ஒருமுறை சிமிட்டி, கொட்டாங்குச்சியின் பக்கம் தலையை நீட்டியது. பக்கத்துக் கோழியும் மூடியது. பின்வரிசையிலும் ஒவ்வொன்றாகக் கழுத்துகள் தாழ்ந்தன. சற்றுப்பொறுத்து, அடங்கிப்போயிருந்த இரைச்சல் மறுபடி எழுந்தது. பாவாடை பந்தல்காலில் சாய்ந்துகொண்டார். அன்னக்கிளி ஒரு குவளை மோரை அவர் கையில் திணித்தாள்.

“குடி அண்ணே. உன் வாயும் இன்னும் மூடல.”

தேர் தெருமுனையைத் தாண்டி, வண்டிகள் நகரத் தொடங்கிய பிறகு கூண்டுகளை மறுபடி ஏற்றினார்கள். பாவாடை இம்முறை பழையபடி அடுக்கவில்லை. முன்புறத்திலிருந்து பின்புறம் வரையில் நடுவே ஒரு சந்து விட்டார். அதனால் மிஞ்சிய கூண்டுகளில் சிலவற்றை ஓட்டுநர் அறையின் கூரைமேல் கட்டினார். எஞ்சிய ஒன்றைப் பக்கிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

“கல்யாணத்துக்கு வந்த மாதிரி சீரு எடுத்துக்கினு போறேன்,” என்று முனகினார் பக்கிரி. உப்பளம் வரும் வரையில் கோழிகளில் ஒன்று அவர் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டே வந்தது.

புருஷோத்தமன் கடைவாசலில் நின்றிருந்தார். வில்லியனூரிலிருந்து வந்த யாரோ வண்டி சிக்கிக்கொண்ட செய்தியைச் சொல்லியிருந்தார்கள். கமலக்கண்ணன் முகத்தைத் தொங்கவிட்டபடி அவருக்குப் பின்னால் நின்றார்.

பாவாடை இறங்கியவுடன் முதலில் செத்த கோழிகளின் சாக்கைத்தான் எடுத்து வந்து முதலாளியின் முன் வைத்தார்.

“இதுங்க போயிடுச்சி மொதலாளி. தேருக்கு முன்னாடி வந்துடலாம்னு நெனச்சேன், தப்புக் கணக்கு. அப்புறம் ஈரச்சாக்கால மூடிட்டேன். அதுலதான் செத்துது. வெயிலு மேல பழி போட மாட்டேன்.”

புருஷோத்தமன் சாக்கைத் திறந்து பார்த்தார். பிறகு வண்டியின் அருகே போய், நடு அடுக்கில் கையை விட்டு ஒரு கோழியைத் தொட்டார். அது அவர் விரலைக் கொத்தியது.

“இவ்ளோதானா செத்தது?”

“இவ்ளோதான்.”

“வில்லியனூர்ல நின்னுடுச்சின்னு சொன்னதும் மொத்த லோடுக்கும் தண்ணி தெளிச்சி உட்டுட்டேன்யா நானு.” அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “நல்ல நாள்லயே இதவிட அதிகமாச் செத்து வருது. இன்னாய்யா பண்ண?”

பாவாடை நடந்ததைச் சொன்னார். பந்தல், விசிறி, கடற்காற்று எல்லாவற்றையும் பக்கிரி இடையிடையே பெரிதாக்கினார். அவர் சொன்ன கணக்கில் வில்லியனூர்ப் பெண்கள் அத்தனை பேரும் கோழிகளுக்கு விசிறியிருந்தார்கள்.

“அப்ப வண்டிய நா ஓட்ட வேணாமா மாமா?” என்று கமலக்கண்ணன் கேட்டார்.

“வேணாம்.”

“அப்பாடா! அந்த நாத்தத்த நெனைச்சி நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல.”

உள்ளே கத்தியின் வேலை தொடங்கியிருந்தது. பாவாடை அந்தப் பக்கம் பார்க்காமலே நின்று, தாம் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

“மொதலாளி, இனிமே வெயில் ஏறினப்புறம் லோடு ஏத்த மாட்டேன். ஆளு வரலன்னா வெறும் வண்டியாத் திரும்பிடுவேன். நடுவுல ஒரு வரிசையும் காலியாத்தான் வரும்.”

“காலியா வந்தா எனக்குக் கோழி கொறையுமேய்யா?”

“செத்து வந்தாலும் கொறைதான மொதலாளி?”

புருஷோத்தமன் தலையைச் சொறிந்துகொண்டார். “சரி, உடு. உயிரோட வந்தாப் போதும்.”

பாவாடை வீடு சேர்ந்தபோது செல்வாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

“நாளைக்கும் போவணும்,” என்றார் பாவாடை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் விடியுமுன் பண்ணையில் கூண்டு அடுக்கிய ஆட்கள் நடுவே விட்டிருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, இடத்தை வீணாக்குவதாகச் சொன்னார்கள்.

“அது காத்துக்குப் போட்ட சீட்டு. நீ ஒக்காராத,” என்றார் பக்கிரி.

வண்டி கிளம்பியது. வில்லியனூரில் சாலையெங்கும் நசுங்கிய பூக்கள் கிடந்தன. வழி வெறிச்சோடியிருந்தது. பாவாடை கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்னால் காதைக் கொடுத்தபடி ஓட்டினார். கோழிகள் ஓயாமல் இரைந்துகொண்டே வந்தன. உப்பளம் சேரும் வரையில் அந்த இரைச்சல் ஒருகணமும் அடங்கவில்லை.